பௌர்ணமிக்கு மறுநாள் கிளம்பாத வண்டி

இன்று காலை கார் டிக்கியைத் திறந்தபோது உன் கேபிளின் வாசனை முகத்தில் அடித்தது. வெயிலில் வெந்த ரப்பரும் கொஞ்சம் கிரீஸும் கலந்த வாசனை. சிவப்பும் கறுப்புமாகச் சுருட்டி, பழைய சேலைக் கரையால் நீ கட்டிவைத்த ஜம்பர் கேபிள், ஒரு வண்டியின் பேட்டரியால் இன்னொரு வண்டியைக் கிளப்புகிற ஒயர். முடிச்சு நீ போட்டதுதான், இன்னும் அவிழவில்லை. நான் போட்டிருந்தால் நேர்த்தியாக இருந்திருக்கும்.

நேற்று பௌர்ணமி. விடிந்ததும் கிரிவலத்துக்காகத் தெருவில் போட்ட தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். சாவியைத் திருப்பும் முன்பே கேபிளைத் தேடிக் கை டிக்கிக்குப் போனது. இன்று வண்டி கிளம்பாவிட்டால் விற்றுவிட்டுப் பெங்களூருக்கு வந்துவிட வேண்டும் என்று என் மகன் சொல்லியிருந்தான்.

நம் இரண்டு வீடுகளும் கிரிவலப் பாதையில் இருந்ததால் பௌர்ணமி வந்தால் வண்டியை வெளியே எடுக்க முடியாது. கேட்டுக்கு வெளியே ஜனம், விடிய விடிய ஜனம். எல்லாம் ஓய்ந்த பிறகு உன் வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பும். என்னுடையது டிக், டிக் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு அடங்கிவிடும். அந்தச் சத்தம் உன் சமையலறைக்குக் கேட்கும். கையைத் துடைத்தபடி மதில் பக்கம் வருவாய்.

"என்ன மதர், உன் வண்டி இன்னிக்கும் லீவா?"

கான்வென்ட் ஹாஸ்டலில் எல்லோருடைய படுக்கை விரிப்பிலும் நான் மடிப்புப் பார்க்கிறேன் என்பதற்காக நீ வைத்த பெயர் அது. இந்த ஊர் வரைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

சேலையைச் செருகிக்கொண்டு உன் வண்டியைத் தெருவுக்கு எடுத்து, என் வண்டிக்கு மூக்கோடு மூக்காக நிறுத்துவாய். சிவப்பு முதலில். கறுப்பின் கடைசி முனையைப் பேட்டரியில் மாட்டாமல் இன்ஜின் இரும்பில் மாட்ட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு முதல் முறை போலச் சொல்வாய். பிறகு எதிர் டீக்கடைக்காரரிடம் உரக்க, "பாருங்க, இவ வண்டி என் வண்டிகிட்ட பால் குடிக்குது" என்பாய். கடையே சிரிக்கும். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

உனக்கு எல்லாமே சுலபமாக வந்தது. நமக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என் கணவர்தான். வேங்கிக்கால் பக்கம் காலி மனைகளுக்கு நடுவில் உனக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. எனக்கு அவரோடு இரண்டாவது கியரிலேயே சண்டை, கடைசியில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். "அவங்களுக்குக் கை பதம்" என்று உன்னைப் பற்றிச் சொல்வார். என் கையைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. அவர் போய் மூன்று வருடமாகியும் அந்த வாக்கியம் என் வீட்டை விட்டுப் போகவில்லை.

நீ வெள்ளை வண்டி வாங்கிய அடுத்த மாதமே அதே வண்டியை, அதே வெள்ளையில், அவரை வாங்க வைத்தேன். பிறகு மகன் முன் கண்ணாடியில் கேமரா பொருத்தித் தருகிறேன் என்றபோது உடனே சரி என்றேன். உன் வண்டியில் அது இல்லை. நீ மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாய். "போறவன் வர்றவனப் பாக்கறதுக்கு கேமரா எதுக்குடி? அதுக்குதான் நீ இருக்கியே."

வண்டி ஏன் இப்படிச் செய்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மெக்கானிக் ஒரு முறை புது பேட்டரியே போட்டார், அதுவும் இறங்கியது. "நீங்க வண்டிய ஜாஸ்தி ஓட்டறதில்லம்மா. மார்க்கெட் போயிட்டு வந்தா சார்ஜ் ஏறாது" என்றார். அதற்காகவே வாரந்தோறும் கீழ்பென்னாத்தூர் வரை வேலையில்லாமல் போய்வந்தேன். பலனில்லை. மலை என் வண்டியைப் பௌர்ணமியன்று பிடித்து வைத்துக்கொள்கிறது, எலுமிச்சம்பழம் கட்டுங்கள் என்றார்கள் தெருவில். நீ கட்டினாய், உன் வண்டிக்குத் தேவையே இல்லாதபோது. நான் கட்டவில்லை.

இது எதையும் நீ என் மகனிடம் சொன்னதில்லை. சொல்லிக்காட்டியதும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது. கடைசி முறை கேபிளைச் சுருட்டி என் டிக்கியில் போட்டாய். "உன்கிட்டயே இருக்கட்டும். தேவைப்படறது உனக்குதானே."

அதற்குப் பிறகு பத்து நாள்கூட நீ இல்லை. உன் சாவுக்கு வந்த கூட்டத்தில் ஆட்டோக்காரர்களும் ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருக்கும் வெள்ளைக்காரப் பெண்களும் அழுதுகொண்டு நின்றார்கள். எனக்கு இத்தனை பேர் வர மாட்டார்கள் என்று அங்கேயே தோன்றியது.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் டிக், டிக். மதில் பக்கம் யாரும் வரவில்லை. மெக்கானிக் வரும்வரை காத்திருந்ததில் டாக்டரிடம் போவது தவறியது, மகனுக்குத் தெரிந்துவிட்டது. "இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா வித்துடலாம்மா. தனியா அங்க என்ன பண்ணப் போற?" என்றான். பெங்களூரில் பேத்தியின் அலமாரியில் எனக்கு ஒரு தட்டு ஒதுக்குவார்கள். அன்பாகத்தான் ஒதுக்குவார்கள்.

அந்த வாரமே உன் மகள் உன் வண்டியை எடுத்துப்போக வந்தாள். நீ போன நாளிலிருந்து யாரும் தொடாத வண்டி, கண்ணாடி தெரியாமல் தூசி. நான் மதிலருகே நின்று அந்த டிக், டிக் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது. உன் மகள் ஸ்டியரிங்கில் தலைவைத்து அழுதாள். எனக்கு வயிறு எரிந்தது. ஓட்ட ஆளில்லாத உன் வண்டி ஓடுகிறது. தினமும் ஓட்டுகிற என்னுடையது படுத்துக்கொள்கிறது.

பரீட்சைத் தாளை வாங்கியதும் உன் தாளோடு ஒப்பிட்டு, உனக்கு எங்கே மதிப்பெண் விழுந்தது என்று பார்ப்பேனே, அப்படித்தான் அன்று இரண்டு வண்டிகளையும் பார்த்தேன். ஒரே கம்பெனி, ஒரே பேட்டரி, ஒரே தெரு. உன் கண்ணாடியில் காய்ந்த எலுமிச்சம்பழம். என் கண்ணாடியில் கேமரா.

மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் மீட்டரை மாட்டி, கதவுகளைப் பூட்டி, வண்டி அடங்கும்வரை பொறுத்துப் பார்த்தார். "கரண்ட் ஒண்ணும் இழுக்கலம்மா. முன்னாடியும் இதேதான் காட்டுச்சு." அப்போதுதான் கவனித்தேன். பானெட் திறந்திருந்தது. கேமராவுக்கு எதிரே தகரம்தான், அது யாரைப் பார்க்கும்? மீட்டர் ஒயரை வெளியே விட்டுப் பானெட்டைத் தாழ்த்தச் சொன்னேன். பிறகு கேட்டுக்கு வெளியே போய் நடக்கச் சொன்னேன். நடந்தார். கண்ணாடியில் சின்ன விளக்கு விழித்தது, மீட்டரில் எண் ஏறியது. திரும்பி நடக்கச் சொன்னேன். மறுபடி ஏறியது.

வண்டி நின்றிருக்கும்போது எதிரே அசைகிற யாரையும் படம் பிடிக்கிற கேமரா அது. நான் வண்டியை எப்போதும் தெருவைப் பார்த்து நிறுத்துகிறவள். மற்ற நாட்களில் நாலு பேர் போவார்கள், மறுநாள் ஓட்டத்தில் சரியாகிவிடும். பௌர்ணமியில் ஊரே நடக்கும். ஒருவரையும் விடாமல் பார்த்துப் பார்த்தே அது பேட்டரியைக் காலி செய்திருக்கிறது. நீ இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். டீக்கடைக்கும் கேட்டிருக்கும்.

சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற இடத்துக்கு ஒயரை மாற்றி, பேட்டரியை நிதானமாக முழுக்க ஏற்றிக் கொடுத்தார். வேறெதையும் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். எலுமிச்சம்பழமும் கட்டவில்லை.

இன்று காலை சாவியைத் திருப்பினேன். உன் வண்டி கிளம்புவது போலவே கிளம்பியது.

உடனே மதிலைப் பார்த்தேன். உன் சமையலறை ஜன்னல் சாத்தியிருந்தது. காரணமில்லாமல் ஹாரன் அடிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் ஒருமுறை அடித்தேன். டீக்கடைக்காரர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

மகனிடம் வண்டி கிளம்பிவிட்டது என்று சொன்னேன். எப்படி என்று கேட்டான், நானே கண்டுபிடித்தேன் என்றேன். பெங்களூர்ப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

உன் வண்டியை எடுத்துப்போன அன்று, கிளம்பும் முன் உன் மகள் கேட்டாள், "அம்மாவோட கேபிள் உங்ககிட்ட இருக்கா ஆன்ட்டி?" இருக்கிறது என்றேன். எடுத்துக் கொடுக்கவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. வண்டி அவளுக்கு, கேபிள் எனக்கு. இனி எனக்கு அது தேவையில்லை. தேவைப்பட்டாலும் பயனில்லை, எதிரே இன்னொரு வண்டி நிற்காமல் அதற்கு வேலையே இல்லை. இருந்தாலும் டிக்கியில்தான் வைத்திருக்கிறேன், நீ போட்ட கோணல் முடிச்சோடு.