சங்குத் தோட்டம் என்று தேடினால்

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது. துணி துவைத்தாயிற்று. இவருடைய பஸ் யூனிஃபார்ம் காலர் வெளுக்கவே இல்லை.

இணையத்தளம் போட்டு இன்றோடு பதினோரு நாள். வந்து பார்த்தவர்கள் 9. அதில் ஆறு தடவை நான். இரண்டு தடவை இவர், அதுவும் என் நச்சரிப்பு தாங்காமல். மீதி ஒன்று யாரோ, மூன்று விநாடி நின்றிருக்கிறார். தவறி வந்த கையாக இருக்கும்.

நாங்கள் பிறந்த லின்வுட் எஸ்டேட் நிலம் கைமாறிவிட்டது. வீடு கட்டப் போகிறார்கள். இடுகாட்டு வேலியில் நோட்டீஸ்: வாரிசுகள் மே 3 காலையில் வரவும், அன்று தோண்டி டவுன் இடுகாட்டுக்கு மாற்றப்படும், ஆளில்லாதவை எல்லாம் ஒரே குழியில். எண்ணியது 61. பெயர் படிக்க முடிந்தது 38. படமெடுத்து, பெயர் போட்டு, என் ஃபோன் நம்பரும் போட்டு, தேடுவதற்கு ஒரு பெட்டியும் வைத்தேன். "முப்பத்தெட்டு பேருக்கு என்னாத்துக்கு பெட்டி? கண்ணால பாத்தா தெரியாதா?" என்று இவர் சிரித்தார்.

ஊருக்கு உபகாரம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே எதற்குப் பொய். மற்ற அறுபது குழிக்கு நான் தூக்கம் கெடவில்லை. அப்பா குழி ஒன்று. அண்ணன் ஒருவன். இது அவன் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

அவனைப் பார்த்துப் பதினான்கு வருஷம். பழைய நம்பர் எடுபடவில்லை. ஃபேஸ்புக்கில் இல்லை. ஜொகூரில் பார்த்தேன் என்றார் ஒருவர், சிங்கப்பூரில் என்றார் இன்னொருவர். யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள் இல்லை அவன். தேடுவான். சின்ன வயதிலேயே அப்படித்தான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

கிளினிக்கில் கூட்டம் இல்லை. பல் டாக்டர் லீவு. கவுன்ட்டரில் உட்கார்ந்து வீடியோ பார்த்தேன், தேடலில் முன்னுக்கு வருவது எப்படி என்று. குறித்துக்கொண்டது:

- தலைப்பில் முக்கியச் சொல்
- படத்துக்குக் கீழே எழுத்து
- வேறு தளங்கள் நம்மைச் சுட்டிக்காட்ட வேண்டும்
- பொறுமை (இது வீடியோக்காரர் மூன்று தடவை சொன்னது. என்னிடம் இல்லாதது)

முக்கியச் சொல் "லின்வுட் எஸ்டேட்". எல்லா இடத்திலும் போட்டேன். தேடிப் பார்த்தால் முதல் பக்கம் முழுக்க வீட்டு விளம்பரம். அங்கே கட்டப்போகும் புதுத் தாமானுக்கும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நீச்சல் குளம், ஜாகிங் பாதை, சிரிக்கிற குடும்பம். இரண்டாம் பக்கமும் அதுவே. மூன்று, நான்கு. நம்முடையது ஏழாம் பக்கத்தில்.

செத்தவர்களை அங்கேயும் ஓரத்தில்தான் போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 9, வியாழன்

நல்ல மழை. கூரை ஒழுகும் இடம் மாறியிருக்கிறது. வாளியையும் மாற்றினேன்.

தளத்தில் வருகையாளர் பக்கத்தில் 14 செய்தி. அவசரமாகத் திறந்தேன். எல்லாம் சூதாட்ட விளம்பரம். ஒன்றில் "அருமையான தகவல், தொடர்ந்து எழுதுங்கள்". கீழே லாட்டரி லிங்க். அழித்தேன்.

மத்தியானம் ஒரு ஃபோன். தளத்தில் நம்பர் பார்த்தாராம். குரலில் தேன்.

"அக்கா, ஒங்க வெப்சைட்ட மொத பக்கத்துக்கு நாங்க கொண்டாந்து தர்றோம். கேரண்டி."

"எத்தன நாள்ல?"

"ஒரு ஆறு மாசம் ஆகும்லா அக்கா."

"மே மூனாந்தேதி தோண்டிடுவாங்க தம்பி."

"என்னா பிஸ்னஸ் அக்கா ஒங்களுது?"

வைத்துவிட்டேன். பாவம், அவர் பிழைப்பு.

எதற்கு இந்தப் பாடு என்று இன்று எனக்கே தோன்றியது. எழுதி வைக்கிறேன். அப்பா செத்த அன்று அண்ணன் இடுகாட்டு வாசல் வரை வந்தான். அதற்கு மூன்று வாரம் முன்புதான், பிள்ளையோடு தனியாக இருந்த பெண்ணிடம் போய்ச் சேர்ந்திருந்தான். இப்போது நினைத்தால் அதில் என்ன குற்றம். அம்மா வாசலை மறித்து நின்றார். "நீ மண்ணு போடக்கூடாது. ஒன்னாலதான் இந்த மனுசன் போனாரு." தலைமகன், ஒரு பிடி மண் போடாமல் திரும்பிப் போனான். சித்தப்பா போட்டார். நான் அம்மா பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

இப்போது அப்பாவை மறுபடி புதைக்கப் போகிறார்கள். இன்னொரு தடவை மண் போட யாருக்குக் கிடைக்கும்?

ஏப்ரல் 13, திங்கள்

வேலை முடிந்து சிம்பாங் அம்பாட்டில் பாய் கடையில் இடுகாட்டு வாரிசுப் பாரம் நகலெடுக்கப் போனேன். பாய் அறுபதைத் தாண்டியவர். அவருடைய அத்தா வேனில் தோட்டம் தோட்டமாகத் துணி கொண்டுபோய் விற்றவர். ஏழாம் பக்கத்துக் கதையைச் சொன்னேன்.

"லின்வுட்டா? அது யாரும்மா சொல்லுவா?"

"அதான பேரு, பாய்."

"போர்டுல அந்தப் பேரு. தொரையும் கிராணியும் சொல்லுவாங்க. எங்க அத்தா ஒரு நாளும் சொன்னதில்ல. சங்குத் தோட்டத்துக்குப் போறேன்னுதான் சொல்லுவாரு. நீ அங்கயே பொறந்த பொண்ணு, ஒனக்கு நான் சொல்லணுமா?"

நின்ற இடத்திலேயே நின்றேன். ஆலைச் சங்கு. காலை ஐந்தரைக்கு ஊதினால் பக்கத்து மூன்று தோட்டத்துக்குக் கேட்கும். அந்தச் சங்கை ஊதியவரே எங்கள் அப்பாதான். அவர் மகள் நோட்டீஸைப் பார்த்து "லின்வுட்" என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் தோட்டத்திலிருந்து போன ஒருவரும் அந்தப் பெயரைத் தேடப்போவதில்லை. படித்த முட்டாள்.

பாய் நகலுக்குக் காசு வாங்கவில்லை. "எங்க அத்தாவுக்கு அங்க சோறு போட்ட ஆளுங்கதான அவங்கள்லாம்," என்றார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. பாயசம், வடை, அப்பா அம்மா படத்துக்குப் பூ. பத்து மணிக்கெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால்.

எல்லாவற்றையும் மாற்றினேன். தலைப்பு: சங்குத் தோட்டம். தமிழிலும் ரோமன் எழுத்திலும். ரோமனில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள் சங்குக்கு இரண்டு ஜி போடுவார்கள். தோட்டத்துக்கு சிலர் ஹெச் போடுவார்கள், சிலர் போடமாட்டார்கள். எல்லாம் சேர்த்தேன்.

பெயர்களுக்கும் அதே கதை. லெட்சுமி ஏழு வகை. எங்கள் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பெயர் வைத்தது தாய் தகப்பன், எழுத்து வைத்தது தோட்ட ஆஃபீஸில் கணக்கெழுதிய பெரிய கிராணி. அவர் காதில் விழுந்ததுதான் சூராவில், பிறப்புப் பத்திரத்தில். எனக்குக் கடைசி எழுத்து தப்பு. அண்ணனுக்கு முதல் எழுத்தே தப்பு, ஜி வரவேண்டிய இடத்தில் கே. நடுவிலும் ஒன்று. அப்பா திருத்தவில்லை. "கவர்மெண்டு தாள்ல இருக்கறதுதான் பேரு" என்பார். அண்ணனும் கடைசிவரை அப்படியே எழுதினான்.

சாயந்திரம் தேடிப் பார்த்தேன். முதல் பக்கம், முதல் இடம். உலகத்திலேயே அந்தச் சொல்லை எழுதி வைத்தது நான் ஒருத்திதான் போலிருக்கிறது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

ஏப்ரல் 18, சனி

வந்தவர்கள் 31. நான் போக.

தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழு இரண்டில் லிங்க் அனுப்பினேன். ஒன்றில் பதிலுக்கு ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம். இன்னொன்றில் "எதாச்சும் நஷ்டஈடு உண்டா?"

ஆனால் மூவாரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். தாத்தா குழி 22-ஆம் நம்பர். "படத்துல பாத்தேன்மா. அந்தச் சிமெண்டுக் கட்டு எங்க மாமா கையால பூசுனது. நாங்க வர்றோம்." அழுதார். நானும் சேர்ந்து நல்ல வார்த்தை சொன்னேன். வைத்த பிறகு வயிறு எரிந்தது. நான் போட்ட வலையில் யார் யாரோ. இப்படி நினைக்கிறவளுக்கு நல்லது நடக்குமா?

ஏப்ரல் 21, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு ஆஃபீஸில் பாரம் கொடுத்தேன். வாரிசு என்ற இடத்தில் ஒரு பெயர் போதும் என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். கலாவதி, மகள். தளத்திலும் அப்பா படத்துக்குக் கீழே அதையே போட்டேன்: வாரிசு, மகள் கலாவதி. மற்ற உறவினர்கள் தொடர்புகொள்ளவும்.

இவர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார்.

"ஒங்க அண்ணன் பேரையும் போடேன்லா."

"அம்மா சொல்லியிருக்காங்க, அந்தப் பேர எடுக்கக்கூடாதுன்னு."

"அம்மா போயி ரெண்டு வருசமாச்சி கலா."

"வந்தா போட்டுக்கலாம்."

சோற்றைப் போட்டுக்கொண்டு போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

இங்கேகூட நான் அந்தப் பெயரை எழுதியதில்லை. இப்போதுதான் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தேன். அண்ணன், அண்ணன் என்றே போகிறது. பழக்கம். கை அந்த எழுத்துக்குப் போகமாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 25, சனி

வந்தவர்கள் மொத்தம் 70. ஃபோன் இல்லை. பத்து பத்து தடவை எடுத்துப் பார்க்கிறேன், சத்தம் அணைந்திருக்கிறதா என்று. அணையவில்லை.

மீன் வாங்கினேன். கெம்போங். கருவாடாகப் போட்டிருக்கலாம், அவ்வளவு வாடியிருந்தது.

ஏப்ரல் 27, திங்கள்

எப்படி எழுதுவது?

தளத்தின் கணக்குப் பக்கத்தில் நான் இதுவரை தொடாத ஒரு மூலை இருக்கிறது. தேடு பெட்டியில் யார் என்ன தட்டினார்கள், எத்தனை பலன் கிடைத்தது என்று காட்டுவது. இன்று மத்தியானம் சும்மா திறந்தேன்.

வெள்ளி, மத்தியானம் 1.12. அப்பா பெயர், சூராவில் உள்ள அதே எழுத்து. பலன் 1.

வெள்ளி, 1.15. ஒரே ஒரு பெயர். முதல் எழுத்து கே. நடுவிலும் அந்தத் தப்பு. பெரிய கிராணி எழுதிய அதே பெயர். உலகத்தில் வேறு யாரும் அப்படி எழுதமாட்டார்கள்.

பலன் 0.

1.16. அதே பெயர் மறுபடியும். பலன் 0.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

வந்திருக்கிறான். அப்பாவைப் பார்த்திருக்கிறான். கீழே வாரிசு யார் என்று படித்திருக்கிறான். அதன் பிறகு தன் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடியிருக்கிறான். இரண்டு தடவை. இரண்டு தடவையும் நான் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அம்மா வாசலை மறித்தார். இப்போது நான்.

லெட்சுமிக்கு ஏழு வகை எழுதினேனே.

டாய்லெட்டில் போய் அழுதேன். நர்ஸ் கதவைத் தட்டி, "அக்கா, டோக்கன் பன்னெண்டு ரொம்ப நேரமா நிக்கிறாரு," என்றாள். முகம் கழுவிக்கொண்டு வந்து டோக்கன் பன்னிரண்டைக் கூப்பிட்டேன். கடைவாய்ப் பல்.

வீட்டுக்கு வந்ததும் போட்டேன். மூத்த மகன், தலைமகன் கோபிநாதன். ஜி போட்டு, கே போட்டு, நடு எழுத்துத் தப்போடு, தப்பில்லாமல், கோபி என்று, தமிழில். அப்பா பெயருக்கு மேலேயே. என் பெயரை எடுத்துவிட்டேன்.

இவர் பார்த்தார். தேநீர் கலக்கிக் கொடுத்தார்.

ஏப்ரல் 30, வியாழன்

வெயில். ஃபோன் வந்தது இரண்டு: சிலிண்டர்க்காரர், தேன்குரல் தம்பி. "அக்கா, இப்ப மொத எடத்துல இருக்கீங்க, எப்படி செஞ்சீங்க?" என்கிறார்.

பெட்டியில் யாரும் எதுவும் தட்டவில்லை. ஒரு தடவை கையை விரித்த கடைக்கு மறுபடி யார் போவார்?

மே 3, ஞாயிறு

ஏழு மணிக்கே போய்விட்டோம். தூறல். தோண்டும் வேலை எடுத்த குத்தகைக்காரரின் ஆள் பட்டியல் வாசித்தார். அறுபத்தொன்றில் பதினேழுக்கு ஆள் வந்திருந்தது. மூவார் அம்மா குடும்பத்தோடு வந்திருந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டார். பாய் வேலிக்கு வெளியே குடையோடு நின்றார், கடைசிவரை.

அப்பா ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிட்டார்.

டவுன் இடுகாட்டில் பூசாரி கேட்டார்.

"மண்ணு போட மகன் யாரும் இல்லியா?"

"இருக்காரு."

"வரலியா?"

"வந்தாரு. நாந்தான் பாக்கல."

அவருக்குப் புரியவில்லை. "சரி, மருமகன் போடட்டும்," என்றார். இவர் என்னைப் பார்த்தார். நானே போட்டேன். ஈர மண், கையில் ஒட்டிக்கொண்டது. வாசல் பக்கம் எத்தனை தடவை திரும்பினேன் என்று தெரியாது.

மே 6, புதன்

மழை இல்லை. வாளியை வெளியே எடுத்து வைத்தேன்.

தளத்தை இனி எடுத்துவிடலாமே என்றார் இவர். இருக்கட்டும் என்றேன். டவுன் இடுகாட்டுக்கு வழி, குழி நம்பர் எல்லாம் போட்டேன். கோபிநாதன் என்று எந்த எழுத்தில் தட்டினாலும் இப்போது பலன் 1 என்று காட்டுகிறது. சரி பார்த்துவிட்டேன்.

இன்று அந்தப் பெயரைத் தேடியவர்கள்: 6. ஆறும் நான்தான்.