நான்கு பேருக்கு நான்கு பதில்

அக்கா,

இன்று காலை பயிற்சிக்கூடத்து அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது உங்கள் பிஸ்கட் டின் கைக்கு வந்தது. மூடியைத் திறந்ததும் தைல வாசனை. உள்ளே பாதி வெட்டிய மாத்திரை அட்டைகள், எழுத்து அழிந்த ஒரு மருந்துப் பை, சீன மருந்துக் கடையில் வாங்கிய கறுப்பு உருண்டைகள், மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த மஞ்சள் மாத்திரைகள், ஒரு சீப்பு. மாணவர்கள் முன்னால் நோயாளியாக நடிக்க வந்த உங்களுக்கு நான் கொடுத்தது ஒரு தாள். அதில் மருந்துப் பட்டியல் வரிசையாக அச்சடித்திருந்தது. "இவ்வளவு சுத்தமா மருந்து வச்சிருக்கிற வீடு எங்க இருக்கு, சொல்லு. நான் போயி பாக்கிறேன்" என்றீர்கள். அடுத்த வாரம் இந்த டின்னோடு வந்து நின்றீர்கள்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைக் கோபத்தோடுதான் சொல்ல முடியும். நீங்கள் இருந்திருந்தால், "உனக்குக் கோபம்கூட வருமா?" என்று சிரித்திருப்பீர்கள்.

ஜார்ஜ்டவுனில் எங்கள் கல்லூரிக் கட்டடம் ஒன்றுதான். அதற்குள் மருத்துவம், தாதிமை, மருந்தியல், இயன்முறை சிகிச்சை என்று நான்கு துறைகள். மின்தூக்கியில்கூட மாணவர்கள் அவரவர் கூட்டத்தோடுதான் ஏறுவார்கள். நாளைக்கு ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கப்போகிறவர்கள், இங்கே ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாமல் நான்கு வருடம் படித்து முடிக்கிறார்கள். இவர்களை ஒன்றாக வேலை செய்யப் பழக்கும் வகுப்பு ஒன்று வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தபோது, அதை எடுக்க யாரும் முன்வரவில்லை. தாசேக் கெலுகோர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவரின் மகள், குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள், மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள். வேலை என் மேசைக்கு வந்தது.

நீங்கள் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் இருபது ஆண்டு உழைத்து, அது மூடியதும் வீட்டில் இருந்தவர். மாதா கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் சத்திரக்காரன் மனைவி வேடம் போட்டு, எழுதிக்கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு, "நிறைமாசக்காரியக் கழுதையில ஏத்திக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தியே, உனக்கு அறிவிருக்கா?" என்று சூசையப்பரை ஏசியவர். உங்கள் மகள் இதைச் சொன்னபோது சிரித்தேன். எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் வகுப்பு நினைவிருக்கிறதா? குளியலறையில் விழுந்த நீரிழிவு நோயாளி நீங்கள். நான்கு துறையிலிருந்தும் ஒவ்வொருவராக உள்ளே வந்து உங்களை விசாரிக்க வேண்டும். மருத்துவ மாணவரிடம், "எல்லா மாத்திரையும் ஒழுங்கா போடுறேன் டாக்டர், கால் வழுக்கிருச்சு" என்றீர்கள். தாதி மாணவியிடம், காலையில் பசியாறவில்லை, தலை சுற்றியது என்று மலாயில் சொன்னீர்கள். மருந்தியல் மாணவியிடம் டின்னைத் திறந்து காட்டி ஹொக்கியன் சீனத்தில் ஏதோ வம்பு பேசினீர்கள். இயன்முறை மாணவரிடம் குரலைத் தாழ்த்தி, "இது மூணாவது தடவை விழுறேன். என் மகன்கிட்ட சொல்லிறாத" என்றீர்கள். தாளில் இருந்தது ஒரே பதில். நீங்கள் கொடுத்தது நான்கு.

மருத்துவ மாணவர் முகம் சிவந்து என்னிடம் வந்தார். "மிஸ், அவங்க பொய் சொல்றாங்க. இப்படின்னா எங்களுக்கு எப்படி மார்க் போடுவீங்க?"

உங்கள் கட்டிலருகே வந்து, "அக்கா, தாள்ல இருக்கிறத மட்டும் சொல்லுங்க அக்கா. இது பரீட்சை" என்று கெஞ்சினேன்.

"தாள்ல இருக்கிறவ நாலு பேருக்கும் ஒரே பதில் சொல்றா. அவ பொம்பளையா, ரேடியோவா?"

"அக்கா..."

"நீயே சொல்லு. டாக்டர்கிட்ட சொன்னா உள்ள படுக்க வச்சிருவாரு. மிஸ்ஸிகிட்ட சொன்னா தலகாணி கொடுக்கும். மருந்து கொடுக்கிற பிள்ளகிட்ட சொன்னா ஏசும். யார் கையில என்ன இருக்கோ அதப் பாத்துத்தான்லா நாங்க வாயைத் திறப்போம்."

தாதியை மிஸ்ஸி என்று கூப்பிடும் பழக்கத்தை நீங்கள் கடைசிவரை விடவில்லை. மருந்து கொடுக்கிற பிள்ளை ஏசும் என்றபோது என்னைத்தான் பார்த்தீர்கள். நான் படித்தது மருந்தியல். அன்று பட்டர்வொர்த் ஃபெரியில் நின்றுகொண்டு, பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். பாதிக் கடலில் அப்பா ஞாபகம் வந்தது. சளியில் இரத்தம் வந்ததைக் கிளினிக் டாக்டரிடம் மறைத்துவிட்டு, வெளியே வந்து பதிவு மேசையில் இருந்த பெண்ணிடம் சொன்னார் அப்பா. அவள் எங்கள் தோட்டத்துப் பெண். அவள் எழுந்து உள்ளே போய்ச் சொன்னதால் பிழைத்தார்.

உங்கள் பெயரை எடுக்கவில்லை. தாளை மாற்றினேன். நான்கு பேரும் உங்களைப் பார்த்து முடித்ததும் ஒரே மேசையில் இருபது நிமிடம் உட்கார்ந்து ஒரே முடிவை எழுத வேண்டும். பதில்கள் வேறு வேறாக இருக்கும் என்று யாருக்கும் சொல்வதில்லை. அடுத்த முறை, மருத்துவ மாணவி ஒருத்தி தன் குறிப்பை வாசித்து முடித்துப் பேனாவை மூடிவிட்டாள். தாதி மாணவி, என்னைப் போலவே வாய் திறக்காத மலாய்ப் பெண், மேசையைப் பார்த்துக்கொண்டே, "என்கிட்ட அவங்க அப்படிச் சொல்லலையே" என்றாள். பேனா மறுபடியும் திறந்தது. திரைக்குப் பின்னால் நீங்கள் என் கையைக் கிள்ளினீர்கள். இரண்டு நாள் வலித்தது.

ஒன்றரை வருடம் இப்படி நடந்தது. அதன் பிறகு நீங்கள் நிஜமாகவே கட்டிலில் படுத்தீர்கள்.

வகுப்பு முடித்து மருத்துவமனைக்கு வந்தேன். "எப்படிக்கா இருக்கு?" என்றேன். "ஒண்ணுமில்லலா. உன் பிள்ளைங்கள விட இங்க உள்ளவங்க நல்லா நடிக்கிறாங்க" என்றீர்கள். பக்கத்துக் கட்டில் அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு ஃபெரிக்கு நேரமாகிறது என்று கிளம்பினேன். மூன்றாம் நாள் உங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் இருந்தீர்கள்.

அடக்கம் முடிந்து கோயில் மண்டபத்தில் உங்கள் மகளும் நானும் கோப்பியோடு உட்கார்ந்தோம். அவர் கட்டிலருகே காதில் வாங்கியதையும் உங்கள் மருத்துவமனைத் தாள்களில் இருந்ததையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தோம். டாக்டரிடம், மூச்சு இப்போது பரவாயில்லை, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாதியிடம், படுத்தால் மூச்சு முட்டுகிறது, வீட்டில் நாற்காலியில்தான் தூங்குகிறேன் என்றீர்கள். மருந்தாளரிடம், எல்லா மாத்திரையும் தவறாமல் போடுகிறேன். இயன்முறையாளரிடம், முட்டி வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டால்தான் படி ஏற முடிகிறது. இதயம் பலவீனமானவருக்கு அந்தக் கடை மாத்திரை உடம்பில் நீரைத் தேக்கிவிடும். நான்கு பேரும் கெட்டவர்கள் இல்லை, அக்கா. நான்கு பேரும் கேட்டதை எழுதிவைத்தார்கள். நான்கு இடத்தில்.

ஐந்தாவதாக ஒருத்தி இருந்தாள். அதை அன்று உங்கள் மகளிடம் சொல்லவில்லை.

நீங்கள் படுப்பதற்குச் சில வாரம் முன்பு, வகுப்பு முடிந்து கை கழுவும் இடத்தில் நின்றோம். "உன் கிளாஸ் இருக்கிற அன்னிக்கு நான் தண்ணி மாத்திரை போடுறதில்ல தெரியுமா? மூணு மணி நேரம் படுத்துக் கிடக்கணும். நடுவுல எழுந்து ஓடினா உன் பிள்ளைங்க நோயாளி குணமாயிட்டான்னு எழுதிருவாங்க." உடம்பில் சேரும் நீரை வெளியேற்றுகிற மாத்திரை அது. வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு. நான் மருந்தாளர். நான் சிரித்தேன். நீங்கள் அழகாகச் சொன்னீர்கள், அதனால் சிரித்தேன். உங்களுக்கு இதயத்தில் என்ன கோளாறு என்று நான் கேட்கவே இல்லை. ஒன்றரை வருடம், ஒருவர் கேட்டதை இன்னொருவரிடம் சொல் என்று மாணவர்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவள், தான் கேட்டதைத் தன்னோடு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

போன மாதம் பாடத்திட்டக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான். அடுத்த தவணையிலிருந்து நோயாளி எல்லா மாணவருக்கும் ஒரே பதில் சொல்ல வேண்டும், அதுதான் நியாயமான தேர்வு என்று இருந்தது. நான்கு துறையின் கால அட்டவணையும் ஒத்துப்போகவில்லை, ஆகவே ஒருமுறை படம்பிடித்து இணையத்தில் ஏற்றிவிடலாம், மாணவர்கள் அவரவர் நேரத்தில் தனித்தனியாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றும் இருந்தது. ஒன்றாக வேலை செய்வது எப்படி என்பதைத் தனித்தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டுமாம். நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்திருந்தார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. உங்கள் மகள் வீட்டுக்குப் போனேன். தண்ணி மாத்திரைக் கதையைச் சொன்னேன், அதை வகுப்புக்காக எழுதட்டுமா என்றும் கேட்டேன். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னேன், வெளியே போகச் சொன்னால் போய்விடலாம் என்று. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "என்கிட்டயும்தான் சொன்னாங்க. கிளாஸுக்குப் போகாதீங்கன்னா கேக்கவா போறாங்க? எழுதுங்க. அம்மா பேரு மட்டும் வேணாம்" என்றார்.

பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கு முன்பு நான்கு துறைத் தலைவர்களுக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் அனுப்பினேன். ஒரே தலைப்பு, ஒரே நோயாளி. படித்துவிட்டு வரவும் என்று மட்டும் எழுதினேன். கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"இதில் பேச என்ன இருக்கிறது? வீட்டுக்கு அனுப்பலாம்" என்றார் மருத்துவத் தலைவர்.

"நாற்காலியில் உட்கார்ந்து தூங்குகிறவரையா?" என்றார் தாதிமைத் தலைவி.

"அது எங்கே இருக்கிறது?"

"முதல் பத்தியிலேயே இருக்கிறதே, டாக்டர். படிக்கவில்லையா?"

"என் முதல் பத்தியில் இல்லை."

இயன்முறைத் தலைவர்தான் முதலில் புரிந்துகொண்டார். எட்டிப் பக்கத்தில் இருந்தவரின் தாளைப் பார்த்தார். நான்கு தாளும் மேசை நடுவே வந்தன. பெரிய படிப்புப் படித்த நான்கு தலைகள் ஒன்றை ஒன்று முட்டாத குறையாகக் குனிந்து வாசிப்பதைப் பார்த்தபோது உங்களைக் கிள்ள வேண்டும்போல் இருந்தது.

மருத்துவத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்களையே பரீட்சை பண்ணுகிறாயா?"

"ஆமாம் டாக்டர். நோயாளிகள் தினமும் செய்வதைத்தான் செய்தேன். எல்லோருக்கும் ஒரே பதில் சொல்கிறவரைப் படம்பிடித்து வைத்தால், உலகத்தில் இல்லாத ஒருவருக்கு வைத்தியம் பார்க்கத்தான் நாம் சொல்லிக்கொடுப்போம்." அதைச் சொன்னது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். நிறுத்தினால் மறுபடியும் தொடங்க முடியாது என்று தெரியும். ஆகவே நிறுத்தாமல் ஐந்தாவது பக்கத்தை எடுத்து வாசித்தேன். அதில் நான் இருந்தேன், சிரித்தது உட்பட.

மருத்துவத் தலைவர் நான்கு தாளையும் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, தன் மாணவர்களின் புதன்கிழமை வார்டு சுற்றை மதியத்துக்கு மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். அவர் மாற்றினால் மற்றவர்களும் மாற்ற வேண்டும். புதன் காலை நான்கு துறைக்கும் ஒரே மேசை கிடைத்தது. ஒரு வருடத்துக்கு.

மறுநாள் முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார். தமிழ் முஸ்லிம்தான் அவர். கதவைச் சாத்திக்கொண்டால் தமிழில் பேசுவார்.

"கிளாஸ் உனக்குத்தான்மா, சந்தோஷம். அந்த அஞ்சாவது பக்கத்த மட்டும் எடுத்துரு. நம்ம கிளாஸுக்கு வந்தவங்க நம்மளாலயே மாத்திரைய விட்டாங்கன்னு வெளிய தெரிஞ்சா நல்லாருக்காது. உன் வேலைக்கும் நல்லதில்ல."

"எடுக்க மாட்டேன் சார்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சிட்டேன் சார். இனிமே நடிக்க வர்றவங்ககிட்ட என்ன மருந்து சாப்பிடுறாங்கன்னு முதல்லயே கேக்கிறேன். ஒவ்வொரு குழுவுக்கும் நடுவுல பத்து நிமிஷம் ஓய்வு விடுறேன். ஏன் விடுறேன்னு பிள்ளைங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "போய்ப் பசியாறு முதல்ல. முகமே சரியில்ல" என்றார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இல்லையென்றால் அவர் எழுதித் தரட்டும்.

இரண்டு புதன்கிழமை போய்விட்டது, அக்கா. நோயாளியைப் பார்த்து முடித்து, மேசையில் சண்டை போட்டு, ஒரு முடிவு எழுதிய பிறகு உங்கள் ஐந்து பக்கங்களையும் கொடுக்கிறேன். வேறொரு கதை என்று நினைத்துத்தான் வாசிக்கத் தொடங்குகிறார்கள். நான்காவது பக்கம் வரைக்கும் அவர்களுக்குக் கோபம் வருகிறது. இவர் ஏன் கேட்கவில்லை, அவர் ஏன் சொல்லவில்லை என்கிறார்கள். ஐந்தாவதை இரண்டாம் முறை வாசிக்கிறார்கள். பிறகு யாராவது ஒருவர் கட்டாயம் கேட்கிறார்: "இந்தச் சிரிச்ச ஆளு யாரு மிஸ்?"

"நான்தான்" என்கிறேன். குரல் நடுங்குகிறது. நடுங்கட்டும்.