வெட்டுப்பட்ட நான்கு வரிகள்

ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். நாற்பத்து மூன்று வயதில், ஐம்பது பேரை வேலை வாங்குகிறவளைப் பாப்பா என்று கூப்பிடுவது சரியில்லைதான். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் எனக்கு அது நீயாகத் தெரியவில்லை.

உன் அம்மா தேறி வருகிறாள். நேற்று நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து வார்டின் கதவு வரை பதினோரு அடி நடந்தாள். நான் எண்ணினேன். நடக்கப் பழக்கும் பையன் “சூப்பர் பாட்டிம்மா” என்றான். “இன்னொரு தடவை பாட்டின்னு சொன்னே, இந்தச் சட்டத்தாலயே போடுவேன்” என்றாள். வார்டே சிரித்தது. எதிர்க்கட்டில் அம்மாள் தன் மகன் இருக்கும் ஊரைச் சொன்னதும், அந்த ஊரின் அஞ்சல் எண்ணை இவள் யோசிக்காமல் சொன்னாள். தபால் பிரிக்கும் வேலையை விட்டுப் பத்து வருஷமாகிறது. இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்பது போகப் போகப் புரியும்.

போனில் மூன்று முறை சொல்லப் பார்த்தேன். மூன்று முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். நீயே கேட்டாய், “என்ன மாமா, அங்க மழையைத் தவிர ஒண்ணுமே நடக்கலையா?” என்று.

அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது, இரத்த அழுத்த மாத்திரையை ஒரே நாளில் இரண்டு முறை போட்டிருப்பாள், அதனால்தான் தலைசுற்றிப் படியில் விழுந்தாள் என்று நீ முடிவு கட்டினாய். டாக்டரம்மாவும் வீடியோ காலில் உன்னிடம் அப்படி இருக்கலாம் என்றார். பக்கத்தில் நின்ற நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை வைத்துத்தான் நீ பதினான்காம் தேதி வருகிறாய், மூன்றாம் மாடி வீட்டைக் காலி செய்து அவளை உன்னோடு அழைத்துப் போகப் போகிறாய். வீட்டுக்காரரிடமும் பேசிவிட்டாய்.

அவள் எதையும் மறக்கவில்லை, பாப்பா.

விழுந்தது செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை அவளுடைய கண்ணாடியையும் இரண்டு மாற்றுத் துணியையும் எடுத்துவர அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறை அலமாரியில் ஏழு அறை உள்ள அந்த மாத்திரைப் பெட்டி இருந்தது. திங்கள், செவ்வாய் அறைகள் காலி. புதனிலிருந்து ஞாயிறு வரை ஒவ்வொன்றிலும் இரண்டு மாத்திரை. மீதி அட்டைகளையும் எண்ணி, வாங்கிய தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்று கூடக் குறையவில்லை.

டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒரு பழுப்பு நிறப் பாட்டில் இருந்தது. ஹாத்தார்ன் என்று போட்டிருந்தது. அறுபது மாத்திரையில் இருபத்து நான்கு மிச்சம். நாளுக்கு இரண்டு என்றால் பதினெட்டு நாள் சாப்பிட்டிருக்கிறாள். அலமாரிக் கதவின் உட்புறத்தில், நான்கு மூலையிலும் ஒட்டுநாடா போட்டு, அதற்கு மூன்று வாரம் முன்பு எங்கள் பத்திரிகையின் மருத்துவப் பக்கத்தில் நான் எழுதிய கட்டுரை ஒட்டியிருந்தது. ஒரு வரியின் கீழ் பேனாவால் கோடு. “படி ஏறும்போது வாங்கும் மூச்சு சிலருக்குக் குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன.”

லிஃப்ட் இல்லாத வீட்டில் ஐம்பத்து நான்கு படி. அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கி ஒரு வருஷமாகிறது. அதை உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். தெரிந்தால் வீட்டை விடச் சொல்வாய் என்று பயம்.

அந்தக் கட்டுரையில் பொய் இல்லை. ஹாத்தார்ன் ஒரு முள்மரம். வேலியாக வைப்பார்கள், சின்னச் சிவப்புப் பழம் காய்க்கும். பழத்தையும் இலையையும் பூவையும் இதயத்துக்காகப் பல தலைமுறைகளாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். சில ஆய்வுகளில் கொஞ்சம் பலன் தெரிந்தது, பெரிய ஆய்வில் சொல்லும்படி இல்லை. இதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசிப் பத்தியில், இதயத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது என்று எழுதியிருந்தேன். இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம், தலைசுற்றலாம், ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றும் இருந்தது. மொத்தம் நான்கு வரி.

பக்கம் கட்டுகிற பெண் போன் செய்தாள். “சார், நாலு வரி இடிக்குது, பக்கத்துல அடங்கலை.” நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “கடைசியிலேருந்து வெட்டும்மா” என்றேன். நாற்பத்தொரு வருஷமாக நான் சொல்லி வரும் பதில். முக்கியமானது மேலே, இல்லாவிட்டாலும் நஷ்டமில்லாதது கீழே, இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டு. தீ விபத்துச் செய்திக்கு அது சரியான முறை. மருந்தைப் பற்றி எழுதும்போதும் அதே கையோடு எழுதியிருக்கிறேன். என்ன வெட்டுப்படும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். சாப்பாடு ஆறிவிடும் என்று யோசித்தேன்.

இதுவரைக்கும் உள்ளதை நீ மன்னித்துவிடுவாய் என்று தெரியும். இனி எழுதப் போவதற்குத்தான் கை வரவில்லை.

பாட்டிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டாக்டரிடம் கொடுக்கத்தான் எடுத்தேன் என்று இப்போதும் நம்பப் பார்க்கிறேன். மறுநாள் இடுப்பு ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கும் அதே டாக்டரம்மா மதியம் கட்டிலுக்கு வந்து கேட்டார். “அம்மா, இந்த மாத்திரைங்களைத் தவிர வேற ஏதாவது சாப்பிடறீங்களா? கஷாயம், மூலிகை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க.” உன் அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, “ஒண்ணும் இல்லையே” என்றாள்.

அவள் எனக்காகத்தான் இல்லை என்றாள். தம்பி எழுதியதைப் படித்துச் சாப்பிட்டேன் என்று ஆறு பேர் முன்னால் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பாட்டில் என் சட்டைப்பையில் இருந்தது. அக்கா இல்லை என்று சொல்லிவிட்டாள், இப்போது நான் எடுத்து நீட்டினால் அவளைப் பொய்க்காரி ஆக்கியதாகும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் பயந்தது கட்டுரைக்கு மேலே இருக்கும் என் பெயருக்கு.

ஆபரேஷன் நடந்தபோது அவளுக்கு அழுத்தம் திடீரென்று இறங்கியது. ஒரு நர்ஸ் உள்ளே ஓடினார், இன்னொருவர் வெளியே ஓடிவந்தார். நாற்பது நிமிஷம் யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து பையைத் தொட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகும் எட்டு நாள் வாய் திறக்கவில்லை.

முந்தாநாள்தான் டாக்டரம்மாவிடம் பாட்டிலைக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. “இதுதான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அவங்க மாத்திரையோட இது சேர்ந்தா அழுத்தம் இறங்கித் தலைசுத்தலாம். முன்னாடியே தெரிஞ்சிருந்தா நாங்க அதுக்குத் தயாரா இருந்திருப்போம். நீங்க படிச்சவர்தானே சார்?” என்றார். மூச்சு வாங்குவதையும் சொன்னேன். இதய டாக்டரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அம்மாவுக்கு என் மேல் கோபம். “உன்னை யாருடா சொல்லச் சொன்னா? எழுதினது நீன்னாலும் வாங்கி முழுங்கினது நான். கேக்காம விட்டது என் தப்பு” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே. உன் எழுத்துன்னா அவளுக்கு உசுரு” என்றாள். வீடு போனாலும் பரவாயில்லை, ஞாபகம் கெட்டவள் என்று மகள் நினைத்தாலும் பரவாயில்லை என்று படுத்திருந்தவள் அவள். எனக்கு அவ்வளவு பெரிய மனது கிடையாது என்பதை இந்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டேன். எனக்காக அவள் அதைச் சுமக்க வேண்டாம் என்றுதான் அவள் பேச்சை மீறி இதை எழுதுகிறேன்.

வருகிற புதன்கிழமை அந்த நான்கு வரியும் மருத்துவப் பக்கத்தின் உச்சியில் வரும், நடந்த தவறோடு, என் பெயரோடு. “இவ்வளவு பெரிசா வேணுமா சார்?” என்று ஆசிரியர் கேட்டார். வேண்டும் என்றேன். வேறு யார் வீட்டு அலமாரியில் அந்தக் கட்டுரை ஒட்டியிருக்கிறதோ எனக்குத் தெரியாது.

அவளுடைய வீட்டைப் பற்றி முடிவு செய்யும் உரிமை எனக்கு இல்லை. இடுப்பு ஆறும் வரை அந்தப் படிகளை அவளால் ஏற முடியாது என்பதும் நிஜம்தான். என் வீடு கீழ்த்தளம், முன்னறையை ஒழித்து வைத்திருக்கிறேன். அவள் வர ஒப்புக்கொள்வாளா, தெரியாது. வீட்டுக்காரரிடம் மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல். பிறகு விடுவதோ வைத்துக்கொள்வதோ, அவளைக் கேட்டுச் செய். அவளால் யோசித்துச் சொல்ல முடியும்.

பதினான்காம் தேதிக்கு முன் இது உன் கையில் கிடைக்க வேண்டும். எத்தனை நாளில் வரும் என்று உன் அம்மாவைக் கேட்டால் இத்தனை மணி நேரம் என்று துல்லியமாகச் சொல்வாள். கேட்க முடியாத நிலையில் இருக்கிறேன்.

என்னைத் திட்டி எழுது, அல்லது எழுதாமல் இரு. உன் இஷ்டம். ஆனால் இதைப் படித்து முடித்ததும் அவளுக்கு ஒரு போன் போடு. என்னைப் பற்றிப் பேச வேண்டாம். செவ்வாய்க்கிழமை மாத்திரையைச் சரியாகத்தானே போட்டிருக்கிறாய் அம்மா என்று மட்டும் சொல். அவளுக்குப் புரியும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் மாமா