சம்பந்தம் பேச வந்த வங்கி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே கோபித்துக்கொள்கிறது. உன் நலம் அறியலாம் என்று போன் செய்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது, இரண்டு மாதமாக இதே கதை. அதனால்தான் கடிதம். இதை நடுவில் துண்டிக்க முடியாது, பிஸி என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பவும் முடியாது. கிழித்துப் போடலாம்தான், ஆனால் என்னைப் பற்றி உனக்குத் தெரியும், மறுபடியும் எழுதுவேன். பயப்படாமல் கடைசிவரை படி, திட்டுவதற்காக எழுதவில்லை. திட்ட வேண்டியதையெல்லாம் போன வாரமே டெப்போவில் பஸ்ஸைப் பின்னால் எடுத்துச் சுவரில் இடித்த டிரைவர் மேல் கொட்டித் தீர்த்துவிட்டேன். அந்த மனுஷர், ஒரு சுவருக்கா சார் இவ்வளவு என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கிரெடிட் கார்டு கடன் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம், அதில் இருபத்திரண்டாயிரம் வெறும் அபராதம், நீ சும்மா உட்கார்ந்திருந்தாலே மாதம் ஐயாயிரம் ஏறுகிறது என்பது வரை தெரியும். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் நீயே வங்கிக்குப் போய் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அந்த அபராதத்தைத் தள்ளிவிட்டு மீதியைப் பதினெட்டுத் தவணையாக்கித் தருவார்கள். போடாவிட்டால் வழக்குதான். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போன மாதம் ஒரு நாள் காலை பதினோரு மணி, நான் டைம்கீப்பர் அறையில் பஸ் கிளம்பும் நேரம் குறித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். நல்ல மரியாதையான குரல். நீங்க அவரோட அப்பாதானே சார், அவர் இப்ப எங்க வேலை பாக்கறார், அதே வீட்டுலதான் இருக்காரா, சம்பளம் எவ்வளவு வரும் என்று வரிசையாகக் கேட்டாள். அதற்கு முந்தின வாரம்தான் அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் உன் போட்டோவைத் திருமணத் தகவல் மையத்தில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். நீயே சொல், நான் என்ன நினைப்பேன்? பெண் வீட்டில் விசாரிக்கிறார்கள், அதுவும் பெண்ணே துணிந்து விசாரிக்கிறாள், காலம் மாறிவிட்டது என்று நினைத்தேன். அறை ஜன்னலைச் சாத்தினேன், வெளியே விசில் ஊதிக்கொண்டிருந்த கண்டக்டரை அடக்கினேன், அப்புறம் ஆரம்பித்தேன் பார். சம்பளம் அறுபதாயிரம் என்றேன். இருபத்தெட்டு என்று எனக்குத் தெரியும், ஆனால் வாய்க்கு யார் பூட்டுப் போடுவது. கை தாராளம், பணத்தை ஒரு பொருட்டாகவே நினைக்க மாட்டான் என்றேன். எங்களுக்கு வாஷிங் மெஷின் வாங்கி அனுப்பினான், விலையைக் கூடக் கேட்டிருக்க மாட்டான் என்றேன். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்கிறாள், எவ்வளவு பொறுப்பான பெண் என்று பூரித்துப் போனேன். பணம் வைத்துக்கொண்டே கட்டாமல் ஏமாற்றுகிறவர் என்று உன் பெயருக்கு எதிரே எழுதிக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூப்பிட, ஒரு தடவை அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். நீ என்னம்மா வேலை பாக்கறே என்று கேட்டதற்கு, பேங்க்ல கலெக்‌ஷன் டிபார்ட்மென்ட் மேடம் என்று அவள் உள்ளதை உள்ளபடிதான் சொல்லியிருக்கிறாள். அம்மா அத்தோடு விட்டாளா, நிரந்தர வேலையா என்று கேட்டாள். கான்ட்ராக்ட் என்று பதில் வந்ததும் அம்மா முகம் கொஞ்சம் வாடியது, ஆனாலும் சமாளித்துக்கொண்டு, எதுக்கு போன்லயே பேசிக்கிட்டு, வீட்டுக்கு வாங்களேன் என்று கூப்பிட்டுவிட்டாள். அந்தப் பெண், வீட்டுக்குன்னா நான் வர மாட்டேன் மேடம், வேற ரெண்டு பேர் வருவாங்க என்றாளாம். அம்மா போனை வைத்துவிட்டு, தாய்மாமன்கள் வருகிறார்கள் என்று எனக்குச் சொன்னாள். முன்னறைக்கு வெள்ளையடித்தோம். சோபாவுக்குப் புது உறை போட்டோம். குழாயில் ஒழுகுவதை நிறுத்த நானே ஸ்டூல் மேல் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் என் வயதுக்காரர், மூக்குக்கண்ணாடி, கையில் பை. இன்னொருவர் கட்டுமஸ்தான ஆள், வாசலில் நின்று ஷூவைக் கழற்றுவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தார். எங்கே போனாலும் கதவைச் சாத்தி விரட்டுகிற வீடுகளையே பார்த்தவர்களை நாங்கள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தோம். மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்துப் பலகாரம் வைத்தோம். வாயைத் திறந்து மூக்குக்கண்ணாடிக்காரர் ஏதாவது சொல்லப் போகும்போதெல்லாம் அம்மா தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள். உன் ஆல்பத்தைக் காட்டினோம், நீ பள்ளி நாடகத்தில் மரமாக நின்ற படத்தைப் பார்த்துக் கட்டுமஸ்தான ஆள், நல்லா நிக்கறார் என்று சொன்னார். பொண்ணு போட்டோ கொண்டாந்தீங்களா என்று அம்மா கேட்டாள். மூக்குக்கண்ணாடிக்காரர் திருதிருவென்று விழித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார், இது உங்க பையன் கையிலதான் குடுக்கணும்மா என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா அதைக் கிழித்துவிட்டாள். உள்ளே நோட்டீஸ். அம்மா மூன்று தடவை படித்தாள். படித்துவிட்டு என்னிடம் கொடுக்காமல் அந்தக் கட்டுமஸ்தான ஆளிடம், நீ சாப்பிடுப்பா, உன் மேல என்ன தப்பு என்று சொன்னாள். அவருக்குப் புரை ஏறிவிட்டது.

நோட்டீஸோடு நீ வாங்கின பட்டியலும் இருந்தது. போன், காதில் மாட்டுகிறது, கைக்கடிகாரம், ஒரு வருஷத்துக்கு உடற்பயிற்சிக் கூடம், போன வருஷம் நீ அனுப்பின படத்தைப் பார்த்தால் அங்கே பணம் கட்ட ஒரு நாள்தான் போயிருக்கிறாய் என்று தெரிகிறது. கூடவே எங்கள் வாஷிங் மெஷினும் இருந்தது. அன்றிலிருந்து ஒரு வாரம் அம்மா அதைத் தொடவில்லை, போட்டால் வட்டி ஓடுகிற சத்தம் கேட்கிறது என்று கையால் துவைத்தாள். முழங்கால் கெஞ்சின பிறகுதான் மறுபடி போட்டாள்.

மூக்குக்கண்ணாடிக்காரர் நல்ல மனிதர். சாப்பிட்ட கை காய்வதற்குள், உங்க பையனைப் பத்தி நான் பேசக்கூடாது சார், பொதுவா ஒருத்தர் இப்படி மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்னு சொல்றேன் என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். நானும் முப்பத்தொரு வருஷமாக பஸ்ஸுக்கு நேரம் போட்டவன், டெப்போத் தாளின் பின்பக்கம் உனக்கு ஒரு அட்டவணை போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பதினெட்டு மாதம், பதினெட்டு ட்ரிப், ஒவ்வொன்றும் மாதம் மூன்றாம் தேதி கிளம்ப வேண்டும், ஏனென்றால் உன் சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறது, ஐந்தாம் தேதிக்குள் பறந்துவிடுகிறது. தவணை ஏழாயிரத்து முந்நூறு, வாடகை ஒன்பதாயிரம், சாப்பாடு ஆறாயிரம், போக வர இரண்டாயிரம். மீதி மூவாயிரத்து எழுநூறு நிற்கும். கார்டைக் கத்தரித்துவிடு. இந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்காதே, அது ஒரு டயரின் காற்றைப் பிடுங்கி இன்னொரு டயருக்கு அடிப்பது மாதிரி என்று நான் சொன்னதை அவர் ரசித்துத் தலையாட்டினார். அப்புறம் ஒரு விஷயம், அட்டவணையின் அடியில் நாலு வரி காலியாக விட்டிருக்கிறேன். போன்ல குடுக்கற கடன், கூட வேலை பாக்கறவங்ககிட்ட வாங்கினது, ஏதாவது நிச்சயம் இருக்கும் சார் என்று அவர் சொல்கிறார். ஒன்றுமில்லை என்றால் கோடு போட்டு அனுப்பு, இருந்தால் மறைக்காமல் எழுது. அந்த மூவாயிரத்து எழுநூறில் இரண்டாயிரத்தை எதற்கு வட்டி அதிகமோ அதற்கு முதலில் போடு, அது தீர்ந்ததும் அடுத்தது. மீதியில் சோப்பு வாங்கு, முடி வெட்டிக்கொள்.

அம்மா தன் டெபாசிட்டை உடைத்து ஒரேயடியாகக் கட்டிவிடலாம் என்றாள், நான் கூடாது என்றேன், மூன்று நாள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் முதல் தவணையை மட்டும் நான் கட்டுவது என்று முடிவாயிற்று. உனக்காக என்று நினைக்காதே, அறுபதாயிரம் என்று அளந்ததற்கு எனக்கு அம்மா போட்ட அபராதம். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நான் சொன்னது பொய்யம்மா, இருபத்தெட்டாயிரம்தான் என்று திருத்தியும் விட்டேன். பரவாயில்ல சார், எல்லா அப்பாவும் இப்படித்தான் என்று சொன்னாள். நல்ல பெண், கான்ட்ராக்ட் என்பதால் அம்மாதான் யோசிக்கிறாள்.

இவ்வளவும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன், இனி எழுதுவது எனக்குக் கஷ்டம். மூக்குக்கண்ணாடிக்காரர் செருப்பு மாட்டும்போது வாய் தவறி ஒன்று சொன்னார். ஆபீஸ்லேர்ந்து எப்ப கூப்பிட்டாலும் உங்க பையன் ஒண்ணே ஒண்ணுதான் சார் சொல்றாராம், என்ன வேணா பண்ணுங்க, அப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம்னு. அவர்கள் போன பிறகு நான் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தேன். வழக்குக்குப் பயப்படாதவன் எனக்கு ஏன் பயப்படுகிறான், நான் அவனை ஒரு அடி அடித்ததுண்டா என்று அம்மாவிடம் கேட்டேன். தட்டுகளை எடுத்துக்கொண்டே அவள், யார்கிட்டயும் ஒத்தக் காசு கடன் வாங்கினதில்லன்னு வாரத்துக்கு ஒரு தடவை மார் தட்டுவீங்களே, அதைக் கேட்டு வளந்த பிள்ளை எந்த மூஞ்சியோட வந்து சொல்லுவான் என்றாள். அப்புறம், அதுவாவது நிஜமா என்று கேட்டாள்.

நிஜமில்லை தம்பி. நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது நானும் இரண்டு டிரைவர்களும் சேர்ந்து கடன் வாங்கி ஒரு பழைய வேன் வாங்கி வாடகைக்கு விட்டோம். நாலு மாதம் ஓடியது, இன்ஜின் போயிற்று, கடன் மட்டும் மூன்று வருஷம் ஓடியது. மாதா மாதம் என் சம்பளத்தில் பாதியைப் பிடித்தார்கள். ஸ்கூட்டரை விற்றேன். ஸ்கூட்டர் எங்கேப்பா என்று நீ கேட்டாய், முதுகு வலிக்கிறது, டாக்டர் ஓட்டக் கூடாது என்றுவிட்டார் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். நீ நம்பிவிட்டாய். பதினொரு வயதுப் பிள்ளை, தினமும் சாயங்காலம் வீட்டுப்பாடம் முடித்துவிட்டு வந்து என் முதுகை இரண்டு கையாலும் அமுக்கி விடுவாய். வலி கொஞ்சம் தேவலையாப்பா என்று கேட்பாய். கொஞ்சம் தேவலை என்பேன். ஒரு வருஷத்துக்கு மேல் நீ அமுக்கினாய், உன் விரல் சிவந்து போகும், நான் குப்புறப் படுத்துக்கொண்டு உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டுக் கிடந்தேன். அம்மாவுக்குத் தெரியும், உன்னிடம்தான் இதை இன்றுவரை சொல்லவில்லை. அதனால் கடனை ஏன் மறைத்தாய் என்று கேட்க எனக்கு வாயில்லை, மறைப்பது எப்படி என்று இந்த வீட்டில்தான் நீ கற்றிருக்கிறாய்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன், எடு. என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு இருக்காதே. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், அந்த வேன் கதையை நான் முதலில் சொல்கிறேன், கேட்டுச் சிரி. அதற்கப்புறம் உனக்குச் சொல்லத் தோன்றினால் சொல். அம்மா பக்கத்தில்தான் இருப்பாள், திட்ட மாட்டாள், மெஷின் நன்றாக ஓடுகிறது என்று மட்டும் சொல்வாள், அதற்கு அழுதுவிடாதே, அவளும் அழுவாள்.

வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. பத்தாம் தேதியை மறக்காதே, வங்கிக்குப் போகும்போது அடையாள அட்டையின் இரண்டு நகல் எடுத்துக்கொள், அவர்கள் சம்மதித்ததை எழுத்தில் வாங்காமல் வராதே.

இப்படிக்கு,
முதுகு வலி எப்போதுமே இல்லாத உன் அப்பா