என் வாரத்து எட்டு, அவர் வாரத்துப் பதினொன்று

மார்ச் 3, திங்கள்

இன்று என் வாரம் தொடங்கியது. காலை ஆறரைக்கே பயில்வானை வெளியே எடுத்தேன். பிற்காலத்தில் யாராவது இந்த நோட்டைப் படித்தால் புரியட்டும்: பயில்வான் என்பது நாலு சக்கரமும் இழுக்கிற எங்கள் பிக்கப் வண்டி. எனக்கும் தங்கச்சி புருஷனுக்கும் பொது. மலை உச்சியில் இருக்கும் செல்போன் கோபுரத்துக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிப் போவது வேலை. ஒரு வாரம் நான், ஒரு வாரம் மாப்பிள்ளை. பதினோரு வருஷமாக இப்படித்தான்.

இன்று வளைவில் எதிரே வந்த லாரிக்காரன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி வழிவிட்டான். பயில்வானின் முகத்தைப் பார்த்தால் யாரும் வழிவிடுவார்கள். முன்னால் முழங்கை தடிமனில் இரும்புக் கவசம். அதன் நடுவில், சேற்றில் மாட்டினால் கம்பிவடம் சுற்றி இழுக்கிற வின்ச். மேலே வரிசையாக எட்டு விளக்கு. கல் தெறிக்காமல் இருக்க ரேடியேட்டருக்கு முன்னால் தகடு. எல்லாம் என் யோசனை. வெல்டிங்காரர் சும்மா என் கையாள் மாதிரிதான் நின்றார்.

ஏன் மாட்டினேன் என்பதும் ஊருக்கே தெரியும். நவம்பரில் ஒரு காட்டெருமை நேருக்கு நேர் வந்து மோதியது. நான் ஸ்டியரிங்கை விடவில்லை. எருமைதான் விட்டுக்கொடுத்தது.

மார்ச் 4, செவ்வாய்

மழை. எட்டு விளக்கையும் போட்டேன். மலை பட்டப்பகல் ஆனது. (பகல்தான். இருந்தாலும்.)

மார்ச் 9, ஞாயிறு

சாயங்காலம் வண்டியை ஒப்படைத்தேன். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒப்படைக்கிறவன் டாங்க்கின் கழுத்து வரை டீசல் நிரப்ப வேண்டும். டீசல் கண்ணில் பளபளக்கும் வரை. பிறகு இருவரும் தலையோடு தலை ஒட்டி எட்டிப் பார்ப்போம். மாப்பிள்ளை, "சரியா இருக்கு மச்சான்" என்பார். சாவி கை மாறும். அப்புறம் அவர் வாரத்தில் நான் வண்டிப் பக்கம் தலை காட்டுவதில்லை, என் வாரத்தில் அவர் கேள்வி கேட்பதில்லை. கல்யாணத்தில்கூட எங்களுக்குள் இவ்வளவு பேச்சுவார்த்தை நடக்கவில்லை.

இன்று நிரப்பியது அறுபத்தொன்பது லிட்டர். மாப்பிள்ளை அந்த எண்ணைப் பார்த்தார், பிறகு கவசத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூக்கைச் சொறிந்துகொண்டார். ரசிக்கிறார் என்று நினைக்கிறேன்.

மார்ச் 12, புதன்

கோபுரத்துக் கம்பெனிக்குப் புதிதாக ஒரு இன்ஜினியர் வந்திருக்கிறார். அவருக்கு மலை ஏறிப் பழக்கமில்லை, காகிதத்தில் ஏறித்தான் பழக்கம். என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஒரே வண்டி, ஒரே ரோடு, வாரம் ஐந்நூத்தி ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். அவரு வாரத்துல லிட்டருக்குப் பதினொண்ணு ஓடுது. உங்க வாரத்துல எட்டு. மிச்சம் பத்தொன்பது லிட்டரை யாரு குடிக்கிறது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மாசக் கடைசிக்குள்ள ஒரு பதில் வேணும். இல்லன்னா வேற வண்டி பாத்துக்குவேன்."

வெளியில் எல்லோரிடமும் பதினைந்து ஓடுகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். எட்டா? என் கையிலா? நான் மிதிக்கிற மிதி பூ மேல் நடக்கிற மாதிரி இருக்கும் என்று பழைய இன்ஜினியரே சொல்லியிருக்கிறார். சொல்லாவிட்டாலும் நினைத்திருப்பார்.

அப்படியென்றால் டீசல் எங்கே போகிறது?

மார்ச் 13, வியாழன்

எழுதவே கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

இரண்டாவது சாவி மாப்பிள்ளையிடம் இருக்கிறது. என் வாரத்தில் வண்டி என் வீட்டு வாசலில்தான் நிற்கும். சனிக்கிழமைதோறும் மாப்பிள்ளை ஏதாவது சாக்கில் வருகிறார். ஏணி வேண்டும் என்பார், ஏணியை எடுக்க மாட்டார். வண்டியைச் சுற்றி வருவார். போன மாசம் ஒரு நாள் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். என்ன மாப்பிள்ளை என்றேன். "டயர் ஓரம் ரொம்பத் தேயுது மச்சான்" என்றார். டயரா? டாங்க் அங்கிருந்து எட்டினால் நாலு அடிதானே?

என் தங்கச்சி கழுத்தில் தாலி கட்டியவர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒன்பது நாள் பக்கத்தில் உட்கார்ந்தவர். அவரா?

வேறு யார்?

மார்ச் 16, ஞாயிறு

வண்டி கைக்கு வந்தது. அவர் நிரப்பியது ஐம்பது லிட்டர். தலையோடு தலை ஒட்டிப் பார்த்தோம். அவர் தலையில் எண்ணெய் வாசனை.

அவர் போனதும் டாங்க் மூடியில் கறுப்பு நூல் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டேன். லோடு கட்டுகிறவனுக்கு மட்டும் வருகிற முடிச்சு. அவிழ்த்தால் அதே மாதிரி திரும்பப் போட முடியாது. ராணுவத்தில் இதைத்தான் போடுவார்கள். நான் ராணுவத்துக்குப் போகவில்லை, அது அவர்களுக்குத்தான் நஷ்டம்.

மார்ச் 19, புதன்

நூல் அப்படியே இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

நூல் அப்படியே இருக்கிறது. முடிச்சைத் தொடாமல் நூலை மறுபக்கம் வெட்டி மூடியைத் திறந்து நிரப்பினேன்; முடிச்சு மூடியிலேயே தொங்கியது. அறுபத்தொன்பது லிட்டர்.

முடிச்சு அவிழவில்லை, டீசல் மட்டும் போயிருக்கிறது. பிறகு பளிச்சென்று பிடிபட்டது. இந்த முடிச்சை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே மாப்பிள்ளைதான். அவிழ்த்துத் திரும்பப் போட உலகத்தில் ஒருவரால் முடியும் என்றால் அது அவரால்தான்.

இவ்வளவு கெட்டிக்காரத்தனத்தை என்னிடமே காட்டிவிட்டார்.

மார்ச் 24, திங்கள்

இன்ஜினியரிடம் போனேன். பதில் சொன்னேன். ஆள் யார் என்றும் சொன்னேன்.

அவர் எழுதிக்கொண்டார். "சொந்தக்காரங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வெளியே வந்ததும் டீக்கடையில் உட்கார்ந்தேன். டீ ஆறிப்போனது.

மார்ச் 25, செவ்வாய்

காலையில் மாப்பிள்ளையை மலையடிவாரக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம். வண்டியில் இருந்த ஆட்களுக்கு முன்னாலேயே, "நீங்க ஏறக் கூடாது, டீசல் விஷயம்" என்று சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

பத்து மணிக்குத் தங்கச்சி வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

"அண்ணே, கிளம்பு."

"எங்கம்மா?"

"எங்க வீட்டுக்கு. உன் மாப்பிள்ளை திருடி வச்சதக் காட்டுறேன்."

போனேன். அவர்கள் வீட்டுக் கொல்லைப் பக்கம் பயில்வான் நின்றது. ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. முகமே இல்லை. கவசம் இல்லை, வின்ச் இல்லை, விளக்கு வரிசை இல்லை, தகடு இல்லை. பல் கழற்றிய கிழவன் மாதிரி நின்றது.

கவசம் பக்கத்தில், நிழலில் இருந்தது. இரண்டு மரச் சட்டங்களின் மேல், அதன் வளைவுக்குத் தகுந்தபடி வெட்டி, சாக்கு சுற்றி, மெத்தையில் படுக்க வைத்த மாதிரி. வின்ச்சும் விளக்கும் அதிலேயே. எட்டு போல்ட்டும் ஒரு டப்பாவில், எண்ணெயில் ஊறிக்கொண்டு.

"அவரு வாரம் வந்தா திங்கக்கிழமை விடியக்காலைல கழட்டுவோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் துடைச்சு மாட்டுவோம். அவரால தனியாத் தூக்க முடியாது. இந்தப் பக்கம் நான்தான் பிடிப்பேன்," என்றாள். உள்ளங்கையைக் காட்டினாள். காய்த்திருந்தது. "உன் இரும்புதான் அண்ணே டீசல் குடிக்குது. மெக்கானிக் அன்னிக்கே இவர்கிட்டச் சொன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னாரே. மாட்டின அன்னிக்கு, கொஞ்சம் கனமா இருக்கே மச்சான்னு ஒரு வார்த்தை சொன்னாரு. நாலு நாள் நீ அவர்கிட்டப் பேசல. அப்புறம் யாரு சொல்வா?"

மாப்பிள்ளை வீட்டுக்குள்ளிருந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. இரண்டு சாவியையும் மரச்சட்டத்தின் மேல் வைத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சத்தம் வராமல் சாத்தினார். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 26, புதன்

எல்லோரும் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறார்கள்.

மெக்கானிக்கிடம் போய் நின்றேன். அந்த ஆள் கையைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொல்கிறார். "நூத்துப் பத்து கிலோ அண்ணே, முழுக்க மூக்கு நுனியில. முன் ஸ்பிரிங் அமுங்கிடுச்சு, சக்கரம் கோணிடுச்சு, டயர் ரோட்டத் தேச்சுக்கிட்டே போகுது. தகடு போட்டு ரேடியேட்டருக்குக் காத்த மறைச்சிட்டீங்க, இன்ஜின் சூடாகி ஃபேன் நிக்காம சுத்துது. அதுக்கும் டீசல்தான். மேல அந்த விளக்கு வரிசை, காத்துக்குக் கதவு சாத்தின மாதிரி. எல்லாம் சேந்து லிட்டருக்கு மூணு கிலோமீட்டர்."

"தெரிஞ்சும் நீங்க என்ன சொன்னீங்க? பிரமாதம்னு சொன்னீங்களே."

"நீங்க கேட்டது எப்படி இருக்குன்னு. எவ்வளவு குடிக்குதுன்னு கேக்கலியே."

வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் கத்தினேன். இவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் தெரியுமா?"

"தெரியும்ங்க."

"எப்போலேருந்து?"

"உங்க தங்கச்சிக்கு இடுப்பு பிடிச்சப்போ ரெண்டு தடவை நான்தான் போய் அந்தப் பக்கம் தூக்கினேன்."

என் பெண்டாட்டி. என் இரும்பை. என் முதுகுக்குப் பின்னால்.

வண்டியில் ஏறுகிற ஆட்களுக்கும் தெரியும். ஒரு வாரம் முகம் இருக்கிறது, ஒரு வாரம் இல்லை. கண்ணிருக்கிறவன் யாருக்கும் தெரியும். திங்கக்கிழமை ஏறும்போது "அண்ணே, பயில்வான் மீசை வளத்துட்டாரா?" என்று சிரித்தார்களே. வாழ்த்து என்று நினைத்து நானும் கூடச் சிரித்தேனே. மூன்று மாசமாக நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார்கள். ஒருத்தருக்குக்கூட, யோவ் இது சரியில்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்லத் தோன்றவில்லையா? நான் என்ன குழந்தையா? பொம்மையைப் பிடுங்கினால் அழுவேன் என்றா?

திருடினால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். இது பரிதாபப்பட்டது.

மார்ச் 27, வியாழன்

நாலு நாள் நான் பேசாமல் இருந்தது உண்மைதான்.

மார்ச் 28, வெள்ளி

இன்ஜினியரிடம் போனேன். அறையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்க நினைத்தேன். மாப்பிள்ளையை நாலு பேருக்கு முன்னால்தானே நிறுத்தினார்கள். அதனால் அங்கேயே சொன்னேன்.

"அவரு எடுக்கல. யாருமே எடுக்கல. நான் மாட்டின இரும்பு குடிச்சிருக்கு. அவரு வாரத்துல கழட்டி வச்சிருக்காரு. எனக்குத் தெரியாது."

"உங்க வண்டில என்ன இருக்கு, இல்லன்னு உங்களுக்கே தெரியாதா?"

தெரியாது என்றேன். ஒருவர் இருமிக்கொண்டே வெளியே போனார். அது இருமல் இல்லை.

இன்ஜினியர் காகிதத்தில் அந்தப் பெயரை அடித்துவிட்டார். ஒரு கோடுதான். எழுதியதும் அவ்வளவு சுலபமாகத்தான் எழுதினார். கழற்றிவிட்டு ஓட்டுங்கள், அடுத்த வாரக் கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

மார்ச் 29, சனி

மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன். அருமையான பேச்சு. கேட்டிருந்தால் கல்லும் கரைந்திருக்கும். வாசலில் அவரைப் பார்த்ததும் ஒரு வரிகூட வரவில்லை.

"அவங்ககிட்டச் சொல்லிட்டேன் மாப்பிள்ளை. நீங்க திரும்ப ஏறலாம்."

"கேள்விப்பட்டேன்."

"நீங்க என்கிட்ட மறைச்சீங்க," என்றேன். மன்னிப்புக் கேட்கப் போனவன் வாயில் இதுதான் வந்தது.

"மறைச்சேன்," என்றார். "உங்களுக்கு அது புடிச்சிருந்துச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை தூக்குறதுல எனக்கு ஒண்ணும் இல்லன்னு நினைச்சேன். ஆனா மச்சான், நூல் கட்டினீங்களே, அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

நூல் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"எப்பப் பாத்தீங்க?"

"திங்கக்கிழமை காலைல. மூடியத் துடைக்கும்போது. நம்ம முடிச்சு." வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "இனிமே வாரம் மாத்திக்க வேண்டாம் மச்சான். நீங்களே ஓட்டுங்க" என்றார்.

கவசத்தை என் வீட்டுக்குக் கொண்டுபோக வண்டியின் பின்னால் ஏற்ற வேண்டியிருந்தது. நான் ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. அவர் மறுபக்கம் வந்து பிடித்தார். தூக்கி வைத்தோம். இவ்வளவு கனம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெல்டிங்காரரின் ஆட்கள்தான் மாட்டினார்கள். நான் எட்ட நின்று இடது, வலது என்று கை காட்டினேன்.

ஏப்ரல் 2, புதன்

மொட்டை முகத்தோடு மலை ஏறினேன். எதிரே வந்த லாரிக்காரன் வழிவிட்டான். அவன் எல்லோருக்கும் வழிவிடுகிறவன் போலிருக்கிறது.

காட்டெருமை பற்றி எழுதியிருந்தேன். அது என் வீட்டு கேட் தூண். ரிவர்ஸ் என்று நினைத்து முன் கியரில் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வார ஓட்டம் ஐந்நூற்று ஐம்பத்திரண்டு. நிரப்பியது நாற்பத்தொன்பது. லிட்டருக்குப் பதினொன்று புள்ளி இரண்டு. கூட்டி எழுதவில்லை.

கணக்கை இன்ஜினியரிடம் காட்டினேன். வண்டி இருக்கட்டும் என்றார்.

கழுத்து வரை நிரப்பி, டீசல் பளபளக்கிற வரை பார்த்தேன். எட்டிப் பார்க்கப் பக்கத்தில் தலை இல்லை. நூல் இன்னும் மூடியில் தொங்கிக்கொண்டிருந்தது, முடிச்சு நான் போட்டபடியே. பல்லால் கடித்து அறுத்தேன்.

வண்டியை மாப்பிள்ளை வீட்டுக் கொல்லையில் கொண்டுபோய் நிறுத்தினேன். மரச்சட்டங்களைக் காணோம், விறகுக் குவியலில் கிடந்தன. சாக்கை மட்டும் தனியாக மடித்து வைத்திருந்தார்கள். தங்கச்சி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. இரண்டு சாவியையும் கதவோரத்து ஆணியில் மாட்டினேன். எடுத்துக்கொண்டு போ என்றும் அவள் சொல்லவில்லை.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். நாளை அவர் வாரம்.