நூற்று அறுபது சென்டிமீட்டர்

ஆகஸ்ட் 9

என் அருமை அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். போன தடவை கேட்டதற்கே, "முட்டியைத் தவிர" என்று ஒரு பக்கம் எழுதினாய்.

அடிபட்ட விளையாட்டு வீரர்களை மறுபடி களத்தில் இறக்கும் படிப்பு என்று எல்லோரிடமும் பெருமையடித்தாயே, இங்கே நான் பழகுவது ஓர் எலும்புக்கூட்டோடு. வகுப்பில் பதினேழு பேர். ஜோடி சேரச் சொன்னால் மிச்சம் நிற்பது நான்தான். தொடைத் தசையைப் பிடித்துவிடு என்கிறார்கள். அதற்கு ஏது தசை? நேற்று முழுக்க நான் வாய்திறந்து பேசியது ஒரே ஒரு "சாரி". படிக்கட்டில் ஒருவர்மேல் இடித்துவிட்டேன்.

எழுது அக்கா. திட்டியாவது எழுது.

உன் செல்லத் தங்கை

ஆகஸ்ட் 24

அடி வாலு,

எலும்புக்கூட்டை நான் விசாரித்ததாகச் சொல். வாயாடிக்கு ஏற்ற ஜோடிதான்.

இங்கே நாள் முழுக்க நின்றபடியே பில் போடுகிறேன். சாயந்திரம் முட்டி பூசணிக்காய். ஸ்டூல் போட்டால் சோம்பேறித்தனம் வந்துவிடுமாம், முதலாளி சொல்கிறார். அம்மா உன் மெடலைத் தினமும் துடைக்கிறாள்.

உன் வாத்தியாரிடம் ஒன்று கேட்டுச் சொல்லேன். பரிசோதனையில் தேறித்தானே அந்தத் தொடர் ஓட்டத்தில் இறங்கினேன்? முட்டி நார் மறுபடி ஏன் அறுந்தது? என் உடம்பே மட்டமா? ஒன்றரை வருஷமாக இதே நினைப்புதான்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

செப்டம்பர் 15

அக்கா,

வாத்தியாரைக் கேட்கத் தேவையில்லை. இன்று அந்தப் பரிசோதனையைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒற்றைக் காலில் தாண்ட வேண்டும். நல்ல கால் தாண்டும் தூரத்தில் அடிபட்ட கால் தொண்ணூறு சதவீதமாவது தாண்டினால்தான் ஓட விடலாம். தரையில் டேப்பை விரித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உன்னைப் பரிசோதித்த அன்றைக்கு பிசியோ போனில் யாரிடமோ பேசிக்கொண்டே, "நீயே அளந்து சொல்லும்மா" என்றார். அடிபட்ட கால் நூற்று இருபத்தெட்டு. நல்ல கால் நூற்று அறுபது. நல்ல காலை மட்டும் நான் நூற்று நாற்பது என்றேன். அவர் கணக்குப் போட்டுவிட்டு, "பாஸ், தாராளமா ஓடலாம்" என்றார். நீ என்னைக் கட்டிக்கொண்டாய்.

நீ இல்லாவிட்டால் நம் அணிக்கு நாலாவது ஆள் இல்லை. மெடல் இல்லாவிட்டால் எனக்கு இந்த சீட் இல்லை. குச்சியை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் நீ விழுந்தாய். அலறியது காதில் விழுந்தும் ஓடினேன்.

உன் உடம்பு மட்டமில்லை அக்கா. பாவி நான்தான். ஒரு வரி எழுது.

தங்கை

நவம்பர் 2

தங்கைக்கு,

ஆறு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

ஓட வேண்டுமென்ற வெறி எனக்கும்தான் இருந்தது. "குறைச்சுச் சொல்லட்டுமாக்கா?" என்று நீ கேட்டிருந்தால், சொல்லுடி என்றிருப்பேன். நீ கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. என் காலை நானே கரித்துக்கொட்டியபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்த்தாயே, அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. படிப்பை விட்டுத் தொலைக்காதே.

விடுமுறைக்கு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போ. அந்த வாரம் முழுக்க எனக்குக் கடையில் இரண்டு ஷிப்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அக்கா