மூன்றாவது கூப்பாடு

சரமா, சுகமா? பல்வலி விட்டதா? கல்யாணத்துக்குப் பிறகு நீ சொல்லிக்கொடுத்த எழுத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நேற்று சூரத் தறிக்கூடத்தில் மேஸ்திரி இரண்டு தடவை "நிதாய்!" என்று கூப்பிட்டும் நான் திரும்பவில்லை.

"காது செவிடாடா?"

"இல்லண்ணே. எங்க வங்காளத்துல பேய் ரெண்டு தடவதான் பேர் சொல்லிக் கூப்பிடும். மூணாவதுக்குத்தான் வாயத் தொறப்போம்."

"அப்ப நான் பேயாடா?"

கூடமே சிரித்தது.

ஊரில் ராத்திரி நீ பேய்க்கதை வாசித்தால் உன் பக்கம் நகர்ந்து உட்காருவேன். சந்திரனுக்குப் போனவன் கதையில் மட்டும் பாதியில் தூங்கிவிட்டேன். அவன் பாடு இப்போதுதான் புரிகிறது. வீடு திரும்பினானா? அந்தப் புத்தகத்தை அனுப்பு, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்கிறேன். கூடவே கொஞ்சம் கடுகெண்ணெய்.

மேஸ்திரி கூப்பிடுகிறார். இது இரண்டாவது தடவைதான். நீ கூப்பிட்டால் மட்டும், சரமா, முதல் தடவையிலேயே நான்